தண்ணீருக்குள் கட்டிய ஜடை

தேன்மொழியின் கைக்குத் திருப்பதியில் ஒரு பெயர் இருந்தது. ராசியான கை என்பார்கள். அவள் பூஜடை தைத்துக் கொடுத்த கல்யாணப் பெண்ணுக்கு வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் தொட்டில் ஆடும் என்று ஒரு பேச்சு. முதலில் யார் சொன்னது என்று கேட்டால் ஆள் கிடையாது. இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அப்பன் பேர் தெரியாது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் குழந்தை பிறப்பதில் பூ கட்டியவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தேன்மொழியும் கேட்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். "எல்லாம் சாமி குடுக்கறது" என்று வாய் சொல்லும். முகம் மட்டும் பூரித்துப் போகும்.

சத்தியவேட்டுப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். அண்ணாதுரைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு திருப்பதிக்கு வந்தாள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். இவள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து பூக்கட்டப் பழகினாள். முழம் போட்டு விற்கிற சரத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பூஜடை அப்படியில்லை. வாழைப்பட்டையைப் பின்னல் நீளத்துக்கு நறுக்கி, மல்லி மொட்டையும் கனகாம்பரத்தையும் மருவையும் வரிசை தப்பாமல் அதன்மேல் தைத்து, பெண்ணின் பின்னலை உச்சியிலிருந்து நுனி வரைக்கும் மூடவேண்டும். பெண் தலையை எத்தனை ஆட்டினாலும் ஒரு மொட்டு உதிரக் கூடாது. தேன்மொழி தைத்தால் உதிராது. அந்த வேலைக்குத்தான் பெயர் வந்திருக்க வேண்டும், வந்தது ராசிக்கு.

நாலு வருஷத்துக்கு முன் அண்ணாதுரை மார்வலி என்று ஆட்டோவை ஓரம் கட்டினான். இறங்கவில்லை. அப்படியே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து தேன்மொழி மறுபடி பூக்கூடையோடு உட்கார்ந்தபோது, பூஜடைக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தான். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றான். அவளும் சரி என்றாள். அந்த வாரமே தெருமுனையில் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நிற்கிற ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது, அதே தேதி போட்டு. பிறகு வேறு யாரும் பொய் சொல்லக்கூடச் சிரமப்படவில்லை. வராமல் இருந்துவிட்டார்கள். அவள் கட்டிய பூ சாமிக்கு ஆகும். பிணத்துக்கு ஆகும். கல்யாணப் பெண்ணின் தலைக்கு மட்டும் ஆகாது. சாமியைவிடக் கல்யாணப் பெண் எந்த விதத்தில் உசத்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தேன்மொழி சண்டைக்குப் போகவில்லை. போவதற்கு வாய் இல்லை. பத்மாவதி என்று ஒருத்தி அவளோடு பூக்கட்டிக்கொண்டிருந்தவள். அவள் புருஷன் போனபோது, "கல்யாண வேலைக்கு மட்டும் நீ வாணாம் பத்மா, தப்பா நெனைக்காதே" என்று சொன்னது இதே தேன்மொழிதான். பத்மாவதி தப்பாக நினைத்தாளா என்று அப்போது தேன்மொழி யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். யோசித்து என்ன செய்வது.

டெபோரா வந்தது அந்த நாட்களில்தான். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். திருப்பதியில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் சர்ச் பீடத்துக்குப் பூ வாங்க வருகிறவள், ஒருநாள் வாங்கிய பூவை மறந்துவிட்டு இவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் ஒரு பையில், மீன் தொட்டிக்குள் வைக்கிற கோணல்மாணலான ஒரு கட்டையும் ஈரத்துணியில் சுற்றிய செடிகளும் கொண்டுவந்தாள்.

"தேன்மொழி, இந்தச் செடிங்கள இந்தக் கட்டையில கட்டித் தர்றியா? பசை போட்டு ஒட்டி ஒட்டி என் வெரலு தோலு உரிஞ்சிப்போச்சி."

"இன்னாக்கா இது, கட்டையில செடிய கட்றதா? மண்ணுல நட மாட்டீங்களா?"

"இது மண்ணுல வெச்சா செத்துப்புடும்பா. கல்லையோ கட்டையையோ புடிச்சிக்கினுதான் இருக்கும்."

முதல் தடவை தேன்மொழி கட்டியதைப் பார்த்தால் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம். பூக்கட்டுகிறவள் அல்லவா, தொங்கிய வேரையெல்லாம் கிள்ளி ஒரே அளவாக்கினாள். வாழைநாரை நனைத்து, இரட்டைச் சுற்றுப் போட்டு, இறுக்கி முடிந்தாள். டெபோரா தொட்டியில் இறக்கி வைத்துவிட்டு ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டினாள். பத்து நாளில் நார் அழுகிக் கூழாகியது. இலைகள் அடியில் பழுத்துக் கழன்றன. இஞ்சியைப்போலப் படுத்துக் கிடக்கிற தண்டுதான் அந்தச் செடிக்கு உயிர். சுற்று அதை நெரித்திருந்தது. தொட்டியே நாறியது.

சாயங்காலம் வாடப்போகிற பூவைத்தான் அவள் கை அத்தனை வருஷமும் கட்டியிருந்தது. வாடாமல் இருக்கப் போவதை எப்படிக் கட்டுவதென்று அதற்குத் தெரியவில்லை. டெபோரா ஒன்றும் திட்டவில்லை. பருத்தி நூல்கண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "வேரக் கிள்ளாதே. கொழந்தைக்கு அரணாக்கொடி கட்ற மாதிரி கட்டு. வெரலு ஒண்ணு உள்ள போவணும்" என்றாள். நூல் கொஞ்ச நாளில் தண்ணீரில் இற்றுப்போகும். அதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொண்டால் செடி பிழைத்தது. பிடிக்காவிட்டால் மிதந்து மேலே வந்துவிடும். கட்டுகிறவள் வேலை அதுவரைக்கும்தான்.

தேன்மொழி பூக்கூடையை விட்டுவிட்டு டெபோராவின் கடைக்கே வந்துவிட்டாள். கட்டைகளை அண்டாவில் போட்டு வேகவைப்பாள். வெந்ததை டிரம்மில் ஊறப்போட்டு, டீத்தண்ணி மாதிரி இறங்குகிற சாயத்தைக் கொட்டிக் கொட்டி, கட்டை தானாக அடியில் போய் உட்காருகிற வரைக்கும் தண்ணீர் மாற்றுவாள். அப்புறம் செடி. வெற்றிலையைச் சின்னதாக்கினாற்போல் இலை உள்ள அனுபியாஸ், நீளநீளமாக ஜாவா ஃபெர்ன், இடுக்குக்கெல்லாம் பாசி. வாங்குகிறவர்கள் யார் கட்டினது என்று கேட்பதில்லை. கட்டினவளுக்குப் புருஷன் இருக்கிறானா என்றும் கேட்பதில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்று சொல்லிக்கொண்டாள். ஆவணி பிறந்து மேளச்சத்தம் கேட்டால் அவள் விரல் சும்மா இருக்காது, சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கும்.

ஒரே மகள் மஞ்சு. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவள், அங்கேயே வேலை பார்க்கிற பவன்குமார் என்ற பையனைப் பிடித்துப்போய் அம்மாவிடம் சொன்னாள். பையன் வீடு வெதுருகுப்பம் பக்கம். வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு, பாதி தமிழ். பையனின் அம்மா லட்சுமம்மா வந்து பார்த்தாள்; பெண்ணையும் பிடித்தது, தேன்மொழியையும் பிடித்தது. சம்பந்திப் பெண்கள் தெலுங்கு முறைப்படி ஒருவரையொருவர் வதினா, அதாவது அண்ணி, என்று அழைத்துக்கொண்டார்கள். காணிப்பாக்கத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

எத்தனையோ பேர் பெண்ணுக்குத் தைத்த பூஜடையைத் தன் பெண்ணுக்குத் தைக்க வேண்டும். தேன்மொழிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கேட்கவும் கூச்சமாக இருந்தது, கேட்காமலிருக்கவும் முடியவில்லை. ஒருநாள் மஞ்சுவுக்குத் தலை வாரிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மல்லி மட்டும் வெச்சா வெள்ளையா அடிச்சிக்கும். நடுவுல கனகாம்பரம் வுட்டு தைச்சிடறேன்."

"வெளிய யார்கிட்டனா சொல்லிட்லாம்மா" என்றாள் மஞ்சு.

"ஏன், அவங்க வூட்ல எதுனா சொன்னாங்களா?"

"அத்தம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன். நல்லபடியா முடியட்டும்மா."

தேன்மொழி பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டாள். "சரி" என்றாள். ஊர் சொன்னபோது இறங்காதது பெண் சொன்னபோது நெஞ்சில் இறங்கியது. கை மட்டும்தான் ஆகாது என்று நினைத்திருந்தாள். தானே ஆகாது என்று அன்றைக்குத்தான் பட்டது.

மறுநாள் கடையில் டெபோராவிடம் ஒரு கட்டை கேட்டாள். சென்னையிலிருந்து வந்த சரக்கில் நீளமாக, மேலே பருத்து நுனியில் மெலிந்து, நடுவில் ஒரு வளைவு வளைந்த கட்டை ஒன்று விலை போகாமல் கிடந்தது. அதை ஊறவைத்து, உச்சியில் அகல இலை, அதற்குக் கீழே ஊசி இலை, மறுபடி அகல இலை என்று வரிசை வைத்து, இரண்டு ஓரத்திலும் பாசியை மருவு போலக் கோத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். டெபோரா கடந்து போகும்போது ஒருமுறை நின்று பார்த்தாள். ஜடை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தொட்டி என்னோட கிஃப்டு, மஞ்சுவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்குள் வேர் பிடிக்க வேண்டும் என்று தேன்மொழி காலையில் வந்ததும் முதலில் அந்தத் தொட்டியைத்தான் பார்ப்பாள். ஒரு செடிகூட மிதக்கவில்லை.

காணிப்பாக்கத்தில் தாரை வார்த்துக் கொடுத்தது அண்ணாதுரையின் தம்பியும் அவன் பெண்டாட்டியும். தேன்மொழி மண்டபத்தின் ஓரத்தில் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்கிறவள் மாதிரி நின்றாள். வெளியே சொல்லி வாங்கிய ஜடையில் மொட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. பெண் அக்கினியைச் சுற்றி வரும்போது பின்னாலேயே மல்லிமொட்டு கோடு போட்டது. தைத்தவள் ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு குத்து குறைத்திருக்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. ஒரு ஊசி இருந்தால் சரி பண்ணிவிடலாம். அவள் நகரவில்லை.

சத்தியவேட்டில் புதுக்குடித்தனம் வைத்தபோது டெபோரா வேன் வைத்துத் தொட்டியை அனுப்பினாள். தேன்மொழியே போய்த் தண்ணீர் நிரப்பி, விளக்குப் போட்டு, கட்டையை இறக்கினாள். லட்சுமம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏமி வதினா இது, பூலஜட மாதிரியே கீது! யாரு கட்னது?"

மஞ்சு அம்மாவைப் பார்த்தாள். தேன்மொழி ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தாள். "நான்தான் வதினா" என்றாள்.

"ரொம்ப நல்ல கை வதினா உங்க கை."

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததைக் கண்டக்டரே ஒரு மாதிரி பார்த்தான்.

கல்யாணமாகி நாலாம் மாசமே மஞ்சு முழுகாமல் இருப்பதாகப் போன் வந்தது. பேசியது லட்சுமம்மா. "உங்க கை ராசி வதினா. அந்த ஜட வூட்டுக்குள்ள வந்த நேரம்" என்றாள். நல்ல மனசோடு சொன்னாள், அதில் சந்தேகமில்லை. தேன்மொழி அப்போதாவது, அதெல்லாம் ஒன்றுமில்லை வதினா, செடி செடிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனை வைத்த கையோடு கடைக்கு ஓடி, "அக்கா, என் கை ராசி எங்கயும் போவல அக்கா" என்று டெபோராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் குடுத்ததுக்கு நீ பேரு வாங்கிக்காதே தேன்மொழி" என்று டெபோரா சிரித்தாள்.

வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். பத்மாவதியைக்கூடத் தேடிப் போய்ச் சொன்னாள்.

கர்ப்பம் மூன்றாம் மாசத்தில் கலைந்துவிட்டது. காரணம் என்று ஏதுமில்லை, இப்படி ஆவதுண்டு, அடுத்தது நல்லபடியாக நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னாளாம். செய்தி தேன்மொழிக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை பேசியது பவன்குமார்.

அவள் பூண்டுக் குழம்பும் கருவாட்டுத் தொக்கும் செய்து எடுத்துக்கொண்டு சத்தியவேட்டுக்குப் போனாள். மருமகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லட்சுமம்மா வாசலுக்கு வந்து கூடையை வாங்கினாள். தண்ணீர் கொடுத்தாள். "தின்னுட்டு போங்க வதினா" என்றாள். ஒரு குறை சொல்லவில்லை. முகம் பார்த்து மட்டும் பேசவில்லை. கூடத்தில் மீன் தொட்டியின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

மஞ்சு உள்ளறையில் சுவரோரம் படுத்திருந்தாள். தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, அந்தக் கட்டைய எடுத்துக்கினு போயிடும்மா."

"அத்தம்மா சொன்னாங்களா?"

"அவங்க வாயத் தொறக்கல. போர்வைய போட்டது நான்தான்."

"நீ அதெல்லாம் நம்புறியா மஞ்சு?"

"நம்பலம்மா. சத்தியமா நம்பல." மஞ்சு எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் இல்லை. "ஆனா அடுத்த முறையும் இப்பிடியே ஆச்சின்னா, எனக்கு ஒன் மொகம்தான் முன்னால வரும். ஒன்ன நெனச்சாலே கசந்துபூடும். எனக்கு அது வாணாம்மா. நைனாவும் இல்ல, நீதான கீற."

தேன்மொழிக்குக் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. பெண் சொல்வது அவளுக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. நல்லது நடந்தபோது தன் கையென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள், இப்போது என் கை இல்லை என்று எந்த வாயால் சொல்வாள்.

கூடத்துக்கு வந்து போர்வையை எடுத்தாள். விளக்கில்லாமலும் செடிகள் செழித்துத்தான் இருந்தன. புதிதாய் வெளிறிய பச்சையில் துளிர்கூட விட்டிருந்தன. மீன்கள் கட்டைக்குப் பின்னால் ஒதுங்கின.

"மஞ்சு, நான் கட்டின நூல மட்டும் அறுத்து எடுத்துட்றேன். செடி தானா இருக்கட்டும். அப்ப என் கை கட்டினது எதுவும் இல்லதான?"

தேன்மொழி கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் தடவினாள். உச்சியிலிருந்து நுனி வரைக்கும், ஒவ்வொரு தண்டின் கீழும் விரலை நுழைத்துத் தேடினாள். நூல் எங்குமே இல்லை. எப்போதோ கரைந்து போயிருந்தது. வேர்கள் கட்டையைக் கவ்விக்கொண்டு கிடந்தன. அவள் கட்டியது என்று அறுப்பதற்கு ஒன்றுமே அங்கு மிச்சமில்லை. அதை மஞ்சுவிடம் எப்படிச் சொல்வது, சொன்னாலும் என்ன ஆகிவிடப் போகிறது. உள்ளேயிருந்து மஞ்சு அழுகிற சத்தம் வந்தது. தேன்மொழி கட்டையைத் தூக்கி வெளியே எடுத்தாள்.

லட்சுமம்மா ஒரு பழைய துண்டை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சுற்றிக் கட்டுவதற்குக் கூடவே ஒரு கை பிடித்தாள். "மனசுல வெச்சிக்காதீங்க வதினா" என்று மெல்லச் சொன்னாள். தேன்மொழி தலையை ஆட்டினாள்.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டையை மடியில் கிடத்திக்கொண்டாள். ஈரம் சேலையில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் வண்டி புறப்பட்டதிலிருந்து துண்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இன்னாம்மா அது?"

தேன்மொழி துண்டை விலக்கிக் காட்டினாள். அந்த அம்மாள் இலையைத் தொட்டுப் பார்த்தாள், இழுத்தும் பார்த்தாள். வரவில்லை.

"அம்மாடி, இன்னா கெட்டியா புடிச்சிக்கினு கீது! தண்ணியில வளர்றதா? ஜட மாதிரியே கட்டிக் கீறாங்களே. எம் மருமவ முழுவாம கீறா, அடுத்த மாசம் சீமந்தம். இந்த மாதிரி ஒண்ணு குடுத்தா எவ்ளோ அழகா இருக்கும். யாரும்மா கட்னது இது?"

தேன்மொழி துண்டின் இரண்டு நுனியையும் இழுத்து மூடினாள்.

"தெரிலம்மா. கடையில வாங்கினது."